மால்குடியை ஜெய்ப்பூருக்குத் தூக்கிட்டுப் போனாங்க

"நாவலைக் கெடுத்துட்டாங்கப்பா."

இந்த ஒரு வரியைக் கேட்டாலே இப்பல்லாம் எனக்குக் கடுப்பாகுது. பொன்னியின் செல்வன் படம் ரெண்டாம் பாகம் வந்த சமயத்துல ஆரம்பிச்ச கடுப்பு. சேந்தன் அமுதன் முடிச்சை ஏன் தூக்கினாங்க, அது எங்க, இது எங்கன்னு டீக்கடை வரைக்கும் பஞ்சாயத்து. அதுல பாதிப் பேர் நாவலோட முதல் பாகத்துல வீராணம் ஏரிக்கரையைத் தாண்டியிருக்க மாட்டாங்க (நம்ம வீட்டு அலமாரியிலயும் அஞ்சு பாகம் இருக்கு, முதல் பாகம் மட்டும்தான் அழுக்கா இருக்கு).

சரி, கெடுத்துட்டாங்க. யாரு? எதுக்கு?

அதை யாரும் கேக்கறதே இல்ல. டைரக்டர் காலையில எழுந்து பல்லு விளக்கிட்டு, "இன்னிக்கு எந்த நாவலைக் கெடுக்கலாம்"னு கிளம்பற மாதிரியே பேசுவாங்க.

போன பொங்கல் லீவுல சித்தப்பா வீட்ல 'கைடு' பார்த்தோம். 1965ல வந்த ஹிந்திப் படம். அதோட ஹீரோ தேவ் ஆனந்துக்கு சித்தப்பா வெறியர். கழுத்துல ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு எடுத்த போட்டோ ஒண்ணு இன்னும் பீரோவுக்குள்ள இருக்கு, கேட்டா காட்ட மாட்டார். நான் ஆர்.கே. நாராயண் நாவலைப் படிச்சுட்டு உக்காந்தவ. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "சித்தப்பா, புக்ல இப்படி இல்ல"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.

ஒரு கட்டத்துல அவர் திரும்பி, "அப்ப புக்குதாம்மா தப்பு"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் உறுத்த ஆரம்பிச்சுது. இந்தப் படம் எடுத்த கதையைத் தேடித்தேடிப் படிச்சேன். நாராயணே இதைப் பத்தி அமெரிக்காவோட லைஃப் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதியிருக்காரு. மனுஷன் ஒரு இடத்துல கூடக் குரலை உயர்த்தல. ஆனா படிச்சு முடிச்சா தேவ் ஆனந்துக்காக நமக்கே கொஞ்சம் பாவமா இருக்கு. அமைதியா எழுதறவங்ககிட்ட வம்பு வெச்சுக்கவே கூடாது.

கதை என்னன்னா, 1962ல தேவ் ஆனந்த் 'ஹம் தோனோ' படத்தோட பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போறார். அங்க டாட் டேனியலெவ்ஸ்கின்னு ஒரு அமெரிக்க டைரக்டர் தொடர்பு கிடைக்குது. அவர் பார்ட்னர் யாரு தெரியுமா? பேர்ல் பக். ஆமா, நோபல் பரிசு வாங்கின அதே அம்மாதான். இங்கிலீஷ்ல ஒண்ணு, ஹிந்தியில ஒண்ணு, ரெண்டு படமா எடுக்கலாம்னு திட்டம். இங்கிலீஷ் படத்துக்கு பேர்ல் பக் எழுதுவாங்க. நோபல் பரிசு, ஹாலிவுட், கலர். இதுக்கு மேல ஒரு எழுத்தாளருக்கு என்ன வேணும்?

நாராயண் படக்குழுவைக் கூட்டிக்கிட்டு மைசூர் சுத்து வட்டாரம் பூராக் காட்டினாராம். காவேரிக்கரைப் படிக்கட்டு, பக்கத்துல சின்னக் கோயில், கிராமத்து ரயில்வே ஸ்டேஷன், மலை உச்சி. எந்த இடத்தை மனசுல வெச்சு நாவல் எழுதினாரோ அதே இடங்கள். எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. இதுதான், இதுவேதான்னாங்க.

அப்புறம் ஷூட்டிங் எங்க நடந்துச்சு?

ராஜஸ்தான்ல.

நாவல் நடக்கற கற்பனை ஊரான மால்குடி தெற்கத்தி ஊருன்னு இவர் பதறினா, மால்குடி தெற்குலதான் இருக்கணும்னு யார் சொன்னது, அகலத்திரைக்கும் கலருக்கும் ஜெய்ப்பூர்தான் எடுப்பா இருக்கும்ங்கற தினுசுல பதில் வந்திருக்கு. அந்த ஊரை உண்டாக்கின மனுஷர்கிட்டயே! இட்லி சாப்பிட்டு, துண்டு போட்டுக்கிட்டுத் திரியற ஜனங்க எல்லாம் தலைப்பாகைக்கு மாறிட்டாங்க. அதோட விட்டாங்களா, நாவல்ல இல்லாத புலிச் சண்டை வேணும்னு ஒரு கூத்து வேற. அமெரிக்காக்காரன் இந்தியப் படத்துக்குக் காசு குடுத்து டிக்கெட் வாங்கினா புலி எதிர்பார்ப்பான்ல.

(இதுல ஒரு சின்ன ஆறுதல். படத்துல ரோஸியா வர்ற வஹீதா ரஹ்மான் நம்ம செங்கல்பட்டுல பொறந்தவங்க. பரதம் கத்துக்கிட்டவங்க. நம்ம 'காலம் மாறிப்போச்சு'ல ஆடினவங்க. மால்குடியில இருந்து தெற்கத்தி வாசனை அவ்வளவுதான் மிஞ்சினது.)

இந்த இடம் வரைக்கும் படிச்சப்ப நானும் நாராயண் கட்சிதான். கெடுத்துட்டாங்க, பாவிங்க.

ஆனா அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு பாத்தா அது வேற ரகளை. ரெண்டு படத்தையும் ஒரே சமயத்துல, ஒரே செட்ல எடுக்கறதாத்தான் முதல்ல ஏற்பாடு. இங்கிலீஷுக்கு டேனியலெவ்ஸ்கி, ஹிந்திக்கு தேவ் ஆனந்தோட அண்ணன் சேத்தன் ஆனந்த். ஒரே சீன், ஒரே நடிகர், ரெண்டு டைரக்டர். கேமராவை எங்க வெக்கறதுங்கறதுலயே அடிதடி. ஒரே அடுப்படியில ரெண்டு மாமியார் நின்ன மாதிரி. இது ஆகாதுன்னு தெரிஞ்சு இங்கிலீஷை முதல்ல முடிச்சிரலாம்னு தேவ் முடிவெடுத்தார். சேத்தன் 'ஹகீகத்' எடுக்கக் கிளம்பிட்டார். கடைசியில ஹிந்திப் படம் தம்பி விஜய் ஆனந்த் தலையில விழுந்துச்சு. அவருக்கு முதல்ல இஷ்டமே இல்ல. அப்புறம் உக்காந்து திரைக்கதையைத் தன் பாட்டுக்கு மாத்தி எழுதினார்.

அவர் மாத்தினதுல ஒண்ணுதான் எனக்கும் சித்தப்பாவுக்கும் பெரிய சண்டை.

நாவல்ல ரோஸிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. புருஷன் மார்க்கோ, குகை, சுவரோவியம்னு கிடக்கறவன். பொண்டாட்டி ஆடறது பிடிக்காது. கெட்டவன் கிடையாது, கண்ணு எதிர்ல மனுஷி நிக்கறா தெரியாதவன், அவ்வளவுதான். ரோஸி கைடு ராஜுவோட பழகறா. அது தெரிஞ்சதும் மார்க்கோ கத்தல, அடிக்கல. அவகூடப் பேசறதையே நிறுத்திட்டு, ஒரு நாள் ஸ்டேஷன்ல அவளை விட்டுட்டு ரயில் ஏறிடறான். படிக்கும்போது எனக்கு யார் பக்கம் நிக்கறதுன்னே தெரியல. அந்த அவஸ்தைதான் நாவலே.

படத்துல? மார்க்கோ குகையில வேற ஒரு பொண்ணோட இருக்கறதை ரோஸி பாத்துடறா. முடிஞ்சுது. இப்ப ரோஸி கிளம்பி வரலாம், தியேட்டர்ல யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. புருஷன்தான் யோக்கியன் இல்லியே!

"அதுல என்னம்மா தப்பு? அந்தாளு மோசம்தானே?"ன்னாரு சித்தப்பா.

"அவன் மோசமா இருந்தாத்தான் அவ வெளிய வரலாமா சித்தப்பா?"

சித்தி அடுப்படியில இருந்து, "நல்லாக் கேளு"ன்னாங்க. சித்தப்பா டிவி சவுண்டைக் கூட்டிட்டார்.

எனக்குப் புரிஞ்சது இந்த இடத்துலதான். இதைக் கதை தெரியாம மாத்தல. விஜய் ஆனந்துக்கு நாவல் நல்லாவே புரிஞ்சிருக்கு. ஆனா கல்யாணமான பொண்ணு, புருஷன் ஒரு தப்பும் பண்ணாதப்ப இன்னொருத்தன்கூட வந்து இருந்தா 1965ல டிக்கெட் கவுன்ட்டர் என்ன ஆகும்ங்கற கலக்கமும் இருந்திருக்கும். அந்தக் கலக்கம்தான் குகைக்குள்ள அந்தப் பொண்ணைக் கொண்டுவந்து வெச்சுது. ஜெய்ப்பூரும் அப்படித்தான். காவேரிக்கரை வெளிநாட்டுக்காரன் கண்ணுக்குச் சப்புன்னு இருந்துருமோன்னு ஒரு பயம். புலியும் அதே பயம்தான். ஒவ்வொரு மாத்தத்துக்கும் பின்னாடி யாரோ ஒருத்தர் ராத்திரி தூங்காம உக்காந்திருக்கார். பணம் போட்டவர்னா அவர் பயம் ஜெயிக்கும். எழுத்தாளர்னா கட்டுரை எழுதிக்க வேண்டியதுதான்.

அந்தக் கட்டுரையில எனக்கு ரொம்பப் பிடிச்சது மவுன்ட்பேட்டன் கதை. லண்டன்ல படத்தை எலிசபெத் ராணி முன்னாடி போட்டுக் காட்டணும்னு படக்காரங்களுக்கு ஆசை. அதுக்குச் சிபாரிசு பிடிக்க மவுன்ட்பேட்டன் பிரபுகிட்டப் போயிருக்காங்க. அவர் பெரிய மனுஷர், மரியாதையா என்ன கதைன்னு கேட்டிருக்கார். இவங்க ராஜுன்னு ஒருத்தன்னு ஆரம்பிச்சாங்க. யார் ராஜு? கைடு. எதுக்கு கைடு? ரோஸி யாரு, அவ ஏன் ஆடறா, அப்புறம் அவன் எப்படிச் சாமியார் ஆனான்? ஒவ்வொரு கேள்விக்கும் கதை முன்னாடி போகாம பின்னாடி போகுது. கடைசியில அவர் உதவியாளரைப் பாத்து, லண்டன் போனதும் ஞாபகப்படுத்துங்கிற மாதிரி சொல்லி முடிச்சிருக்கார்.

(நம்ம ஊர்ல இதுக்கு "போயிட்டு வாங்க, சொல்லி அனுப்பறேன்"னு பேர்.)

இதுல எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. நாராயண் சினிமா தெரியாத அப்பாவி இல்ல! புரசைவாக்கத்துல பாட்டி வீட்ல வளர்ந்தவர். ஜெமினி ஸ்டுடியோவுக்கு வேலை பாத்தவர். 1947ல வந்த 'மிஸ் மாலினி' அவர் கதை. அதுக்கப்புறம் 1949ல 'மிஸ்டர் சம்பத்'னு ஒரு நாவல் எழுதினார். அதுல பாதிக்கு மேல மால்குடியில ஒரு சினிமா ஸ்டுடியோ ஆரம்பிச்சு, சிவன் காமனை எரிச்ச கதையைப் படமாக்கறேன்னு கிளம்பி, எல்லாம் கந்தரகோலம் ஆகற கதை. ஸ்டுடியோவுல கதை எப்படிச் சிதையும்னு தானே உக்காந்து சிரிக்கச் சிரிக்க எழுதினவர். அந்த நாவலையும் எஸ்.எஸ். வாசன் 1952ல ஹிந்தியில படமா எடுத்துட்டார், அது வேற. இவ்வளவும் பாத்தவர்தான், தேவ் ஆனந்த் வீட்டுக்கு வந்ததும் சரின்னுட்டார். எழுத்தாளருக்குத் தன் கதாபாத்திரம் திரையில நடக்கறதைப் பாக்கற ஆசை விடாது போல.

அந்த 'மிஸ் மாலினி'யை டைரக்ட் பண்ணினது யார் தெரியுமா? கொத்தமங்கலம் சுப்பு. பின்னால விகடன்ல 'தில்லானா மோகனாம்பாள்' தொடர் எழுதின அதே சுப்பு. அந்தத் தொடருக்கு கோபுலு படம். வாரா வாரம் அந்தக் கோட்டுல மோகனாவையும் சண்முகசுந்தரத்தையும் பாத்துப் பழகின ஜனங்க. அதுக்கு மேல சிவாஜியையும் பத்மினியையும் நிறுத்தி 1968ல ஏ.பி. நாகராஜன் ஜெயிச்சார்னா அது சாதாரண தைரியம் இல்ல. உரிமையை விகடன் முதலாளியான அதே வாசன்கிட்ட வாங்கின நாகராஜன், சுப்புவுக்கும் தனியாக் குடுக்கணும்னு பணத்தோட போனாராம். அதுக்கு முன்னாடியே வாசன் தனக்கு வந்த தொகையை சுப்புகிட்டச் சேத்துட்டாராம். சினிமா வட்டாரத்துல ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு வர்ற கதை இது. எனக்கு இதைக் கேட்டா கொஞ்சம் பொறாமையாவே இருக்கும். இப்ப எத்தனை பேர் "கதை: ..."ங்கற ஒரு வரிக்குக் கோர்ட் வாசல்ல நிக்கறாங்க!

கோர்ட்னதும் ஞாபகம் வருது. ஹிந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி நாராயண் மாதிரி கட்டுரை எழுதிட்டு விடல. அவங்க 'ஆப்கா பண்ட்டி' நாவலை 'சமய் கி தாரா'ன்னு படமா எடுத்தாங்க. பண்டாரி கோர்ட்டுக்குப் போயிட்டாங்க, கேஸ் டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் வந்துச்சு. பதிப்புரிமைச் சட்டம் 57வது பிரிவு. உரிமையை வித்தாலும், படைப்பைச் சிதைச்சா எழுதினவர் கேள்வி கேக்கலாம்ங்குது அது. 1986ல தீர்ப்பு, அவங்க வாதத்தைக் கோர்ட் காதுல வாங்கிக்கிச்சு. கடைசியில சமாதானம்: படத்துல அவங்க பேரும் வராது, நாவல் பேரும் வராது. ஜெயிச்சாங்களா தோத்தாங்களா? எனக்கென்னவோ ஜெயிச்சாங்கன்னுதான் தோணுது. தன் பேரைத் திரும்ப வாங்கிக்கறதும் ஒரு கெத்துதான்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் 'முள்ளும் மலரும்'.

கல்கி பத்திரிகை நாவல் போட்டியில பரிசு வாங்கின உமாசந்திரன் நாவல். மகேந்திரன் அதை எடுத்த கதையை அவரே 'சினிமாவும் நானும்'ல எழுதியிருக்கார். படிக்காதவங்க படிங்க, திரில்லர் மாதிரி இருக்கும். தயாரிப்பாளர் வேணு செட்டியார். மகேந்திரன் அதுக்கு முன்னாடி 'தங்கப்பதக்கம்' எழுதினவர். அனல் பறக்கற வசனம். செட்டியார் அதே அனலை எதிர்பார்த்துப் பணம் போடறார். மகேந்திரனுக்கோ அந்த அனல் வசனம்தான் தமிழ் சினிமாவைப் பிடிச்ச வியாதின்னு நினைப்பு. ஆனா அதை முதலாளிகிட்டச் சொன்னாப் படம் கிடைக்குமா? சொல்லல. அண்ணன் தங்கச்சி பாசக் கதைன்னு மட்டும் காதுல விழற மாதிரி விட்டுட்டார். பாசமலர் எடுத்த ஊராச்சே, யார் வேண்டாம்பாங்க!

அப்புறம் ஒவ்வொண்ணா வெடிக்குது. அண்ணன் காளி வேஷத்துக்கு ரஜினின்னதும் செட்டியார் முடியவே முடியாதுன்னார். அப்ப ரஜினி வில்லன். ரஜினி இல்லேன்னா நான் டைரக்ட் பண்ணலன்னு மகேந்திரன் நின்னார். படம் முடியற நேரத்துல, 'செந்தாழம் பூவில்' பாட்டுக்கு முன்னாடி வரவேண்டிய ஒரு சீன் பாக்கி. பணம் கிடையாதுன்னு கையை விரிச்சாச்சு. கமல் வந்து, தன் காசைப் போட்டு அதை எடுக்க வெச்சார். (அவர் அந்தப் படத்துல நடிக்கக் கூட இல்ல! பாலு மகேந்திராவைக் கேமராவுக்குக் கூட்டிட்டு வந்து விட்டதும் அவர்தான்.) பிரிவ்யூ பாத்த செட்டியார் தலையில கை வெச்சுட்டார். ரீல் ரீலா ஓடுது, யாரும் பேச மாட்டேங்கறாங்க!

1978 ஆகஸ்ட் 15ல ரிலீஸ். மத்தது உங்களுக்கே தெரியும்.

செட்டியாரை வில்லனாக்கிட்டு நாம சுலபமாப் போயிடலாம். எனக்கு மனசு வரல. வீட்டை அடகு வெச்சோ வட்டிக்கு வாங்கியோ படம் எடுக்கற தயாரிப்பாளருக்கு, வசனம் இல்லாத ரீலைப் பாத்தா வயித்துல புளியைக் கரைக்காதா? அவர் பயமும் நிஜம்தான். ஒரே வித்தியாசம், இங்க டைரக்டர் அந்தப் பயத்தைத் தன் படத்துக்குள்ள நுழைய விடல. நாவலையும் அவர் அப்படியே எடுக்கல. காளி, அவன் தங்கச்சி, அந்த முரட்டு ரோஷம், இவ்வளவை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டார். அடுத்த வருஷம் புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'யைத் தொட்டு 'உதிரிப்பூக்கள்' எடுத்தப்ப இன்னும் தூரம் போயிட்டார். 'சிற்றன்னை'யைப் படிச்சுட்டு அந்தப் படத்தைப் பாத்தா உறவு கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். யாராவது "கெடுத்துட்டாங்க"ன்னோமா? மூச்சு விடல.

அப்ப மாத்தறது பிரச்சினை இல்ல. ஆசையில மாத்தினா ஒரு மாதிரி இருக்கு, பயத்துல மாத்தினா வேற மாதிரி இருக்கு. மார்க்கோ குகை சீனைப் பாக்கும்போது அந்தப் பயம் எனக்குப் பளிச்சுன்னு தெரியுது. ஆனா அதே விஜய் ஆனந்த், கிளைமாக்ஸ்ல ராஜு தனக்குத் தானே பேசிக்கற இடத்தை எழுதியிருக்கார் பாருங்க. அதுல பயம் இல்ல. அது நாவல்ல கிடையாது, ஆனாலும் எனக்குப் பிடிச்சுது. சித்தப்பாகிட்டச் சொல்லல.

கிளைமாக்ஸ்ல இன்னொரு பஞ்சாயத்தும் இருக்கு. மழை.

நாவல் முடியும்போது, சாமியாராகி மழைக்காகப் பட்டினி கிடந்த ராஜு ஆத்துக்குள்ள நின்னுக்கிட்டு, மலைப்பக்கம் மழை வர்றது தெரியுதுன்னு சொல்லிட்டுச் சாயறான். மழை வந்துச்சா, அவன் செத்தானா? நாராயண் சொல்ல மாட்டார். படத்துல கொட்டு கொட்டுன்னு கொட்டுது. இதைத்தான் பெரிய துரோகம்னு நான் சித்தப்பாகிட்ட வாதாடினேன்.

அப்புறம் நாராயணோட சுயசரிதை 'மை டேய்ஸ்'ல பாத்தா, இந்த நாவலுக்கு விதையே மைசூர்ல வந்த ஒரு பஞ்சம்தான். மழை வேண்டி பிராமணர்கள் சிலர் காவேரியில முழங்கால் தண்ணியில நின்னு, பட்டினி இருந்து ஜபம் பண்ணாங்களாம். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் மழை பெஞ்சுதாம்!

அதாவது நிஜத்துல மழை வந்துச்சு. நாவல்ல நாராயண் அதைச் சந்தேகமாக்கினார். படத்துல திரும்ப வரவெச்சுட்டாங்க. சித்தப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னதும், "நான் அன்னிக்கே சொன்னேனே"ன்னாரு. (சொல்லவே இல்ல.)

இன்னொண்ணும் அதே புத்தகத்துல இருக்கு. ராஜுவைச் சாகவிடறதா வேண்டாமான்னு நாராயணுக்கே குழப்பம். லண்டன்ல இங்கிலீஷ் எழுத்தாளர் கிரஹாம் கிரீன்கிட்டக் கதையைச் சொல்லியிருக்கார். அவன் செத்தே ஆகணும்னு கிரீன் அடிச்சுச் சொல்லிட்டார். அதுக்கப்புறம்தான் நாவல் எழுதி முடிச்சது. நாவலுக்கே கதை டிஸ்கஷன் நடந்திருக்கு பாருங்க. என்ன, பணம் போட்டவர் யாரும் அந்த ரூம்ல இல்ல.

நாராயணுக்குக் கடைசியில ஒரு ஆறுதல் கிடைச்சுது. 1980கள்ல கன்னட டைரக்டர் சங்கர் நாக் வந்து தூர்தர்ஷனுக்கு 'மால்குடி டேஸ்' எடுத்தப்ப ஜெய்ப்பூர் பக்கமே தலை வெச்சுப் படுக்கல. கர்நாடகாவுல ஆகும்பேங்கற மழைக்காட்டு ஊர்ல போய் உக்காந்துட்டார். பெரிய ஸ்டார் பந்தா இல்லாத படப்பிடிப்பு. டைட்டில்ல தம்பி ஆர்.கே. லக்ஷ்மணோட கோட்டோவியம். தூர்தர்ஷன் காலத்து ஆளுங்களுக்கு அந்த டைட்டில் இசை இன்னும் காதுல இருக்கும்.

பேர்ல் பக் எழுதின இங்கிலீஷ் 'கைடு' வந்த சுவடு தெரியாமப் போச்சு. ஹிந்தி 'கைடு' பிலிம்ஃபேர் விருதுகளை அள்ளுச்சு. சிறந்த படம், சிறந்த டைரக்டர், தேவ் ஆனந்துக்கு ஒண்ணு, வஹீதாவுக்கு ஒண்ணு.

சிறந்த கதைக்கான விருது யாருக்குன்னு நினைக்கறீங்க? ஆர்.கே. நாராயணுக்கு. எந்தக் கதைக்குன்னுதான் அவங்களும் சொல்லல.